எனக்கு மட்டும் நீக்கு

லோகு துணியை ஒரு உதறு உதறிக் கழுத்தைச் சுற்றிக் கட்டி முடிச்சுப் போட்ட பிறகுதான் அர்த்தநாரிக்கு உறைத்தது, கைகள் இரண்டும் உள்ளே போய்விட்டன, போன் சட்டைப் பையில் இடது மார்பின் மேல் கிடக்கிறது, இனி அது எத்தனை முறை உறுமினாலும் எடுக்க முடியாது என்று. எடுத்து வெளியே வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம். வெளியே எங்கே வைப்பது. கண்ணாடிக்குக் கீழே இருந்த பலகையில் சீப்புகள் ஊறும் டம்ளர், அந்தத் தண்ணீரில் மிதக்கும் யாரோ ஒருவருடைய மயிர், பவுடர் டப்பா, டப்பாவின் மேல் சாய்த்து வைத்த லோகுவின் போன். அந்தப் போனில் ஒருத்தி ஆடிக்கொண்டிருந்தாள். ஆடி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து ஆடினாள். லோகு நுரை ஒட்டிய சுண்டுவிரலால் அவளை மேலே தள்ளினான், ஒருவன் மீனுக்கு உயிரோடு தோலுரித்தான், தள்ளினான், ஒரு குழந்தை படியில் உருண்டது, அந்த உருளலுக்குப் பின்னால் யாரோ பத்துப் பேர் சிரிப்பை ஒட்டிவைத்திருந்தார்கள். திரையின் ஓரத்தில் பழைய நுரை காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. அந்த விரல் இப்போது தன் கன்னத்துக்கு வரும் என்று நினைத்ததும் அர்த்தநாரிக்குத் தொண்டைக்குக் கீழே ஏதோ ஒன்று புரண்டு படுத்தது. முப்பத்தொரு வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் நின்றவர் அவர். வெள்ளைத் துணியை விளக்குக்கு நேரே விரித்து, எண்ணெய்க் கறை, ஊசி ஓட்டை, வியர்வைக் கை பட்ட மஞ்சள், எது இருந்தாலும் ஒதுக்கிப் போட்டவர். மேசையை விட்டு வந்தாயிற்று, கண் மட்டும் இன்னும் அங்கேயே நிற்கிறது. எதைப் பார்த்தாலும் முதலில் கறைதான் தெரிகிறது. பின்னால் பெஞ்சில் ஒரு ஆட்டோக்காரர் தன் முறைக்குக் காத்துக்கொண்டு, காலைத் தூக்கிப் போட்டு, அவர் பங்குக்கு ஒரு போனை அலறவிட்டிருந்தார். அதிலும் அதே குழந்தை, அதே சிரிப்பு. இரண்டு போன்களும் கொஞ்சம் முன்னே பின்னே சிரித்தன.

கேட்கக் கூடாது என்றுதான் வந்திருந்தார். வீட்டை விட்டு இறங்கும்போது நிம்மதியாகத்தான் இறங்கினார். ஆனால் ஒரு சந்தேகம் வழி முழுக்கச் செருப்புக்குள் கல் மாதிரி வந்துகொண்டே இருந்தது.

"லோகு, இந்த வாட்ஸ்அப்புல நாம ஒன்னு அனுப்பிச்சிட்டு, உடனே அழிச்சுட்டம்னா, அவங்களுக்கும் போயிருமில்ல?"

"போயிருமுங்ணா. எதை அமுத்துனீங்க?"

"ரெண்டு கேட்டுதப்பா. எல்லாரிடமிருந்தும் நீக்குன்னு ஒன்னு, எனக்கு மட்டும் நீக்குன்னு ஒன்னு. நான் எனக்கு மட்டும்ங்கறதை…"

லோகுவின் கை நின்றது. பெஞ்சில் ஆட்டோக்காரர் சிரித்தார்.

"சரியாப் போச்சு போங்க! உங்க போன்ல மட்டுந்தாங்ணா போயிருக்கும். அவங்களுக்கெல்லாம் அப்படியே குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்குமே!" என்றான் லோகு.

"இப்ப மறுபடியும் அந்த இன்னொன்னை அமுத்துனா?"

"எதை அமுத்துவீங்க? உங்க போன்லதான் அது இல்லவே இல்லியே" என்றான் லோகு. "ஆருக்குங்ணா அனுப்புனீங்க?"

"அட, பழைய சிநேகிதம் ஏதாச்சும் இருக்கும் லோகு. பெரியவரைப் போட்டு நோண்டாத" என்றார் ஆட்டோக்காரர்.

"தலையைக் கொஞ்சம் நிமித்துங்ணா" என்று லோகு அவர் நெற்றியில் கையை வைத்து அழுத்தினான். பிரஷ் கன்னத்தில் சுற்ற ஆரம்பித்தது.

எழுந்து போய்விடலாம். துணியை அவிழ்க்கச் சொல்லிவிட்டு, பாதி நுரையோடு தெருவில் நின்று, யாருக்காவது போன் போட்டு… யாருக்கு. என்னவென்று சொல்வது. நாளைக்குக் கட்டுச்சோறு. அதற்காகத்தான் இந்தச் சவரமே. நேற்றுச் செவ்வாய், கடை இல்லை. இன்று விட்டால் நாளைக்குச் சம்பந்தி வீட்டு வாசலில் பரட்டைத் தாடியோடு நிற்க வேண்டும். ஒன்பது வகைச் சோறு கட்டிக்கொண்டு உடுமலைக்குப் போய், மகள் கோகிலவாணிக்கு வளையல் போட்டு, கையோடு பிரசவத்துக்கு வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம்தான், ஆனால் சம்பந்தியம்மா மூன்று வாரமாக இழுத்தடித்தாள். எங்க டாக்டரம்மா இங்க இருக்கறப்ப எதுக்குங்க திருப்பூருக்கு, போற வழியெல்லாம் குண்டும் குழியும் என்று. ஞாயிற்றுக்கிழமைதான் ஒருவழியாகச் சரி என்றார்கள். அந்தச் சரி இன்னும் ஈரம் காயவில்லை. அதன் மேல் இதைக் கொண்டுபோய்ப் போட்டாயிற்று.

நடந்தது இவ்வளவுதான், இதற்கு மேல் ஒன்றுமில்லை. காலையில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து போனைத் திறந்தார். மேலே முதலாவதாகச் சின்னராசு பெயர். மனைவி பூவாத்தாளின் தம்பி, அவருக்கு மச்சினன், தினமும் காலையில் அவனுக்கு ஒரு வாய்ஸ் போட்டுவிட்டால்தான் அவருக்கு நாள் தொடங்கும். விரல் இறங்கியது. விரல் இறங்குகிற அந்த நேரத்துக்குள் சம்பந்தி தெய்வசிகாமணி குரூப்பில் ஒரு காலை வணக்கத்தைப் போட்டார். ரோஜாப்பூ, மேலே பனித்துளி, நடுவில் ஒரு புறா. அந்தப் புறா போய்ச் சின்னராசுவைக் கீழே தள்ளிவிட்டு மேலே உட்கார்ந்துகொண்டது. விரல் விழுந்த இடத்தில் சின்னராசு இல்லை, 'ஒரே குடும்பம்' என்ற அந்தச் சம்பந்தி வீட்டுக் குரூப் இருந்தது. வாசல் அங்கேயே நிற்க, உள்ளே வீடு நகர்ந்துவிட்ட மாதிரி. அவர் மேலே இருந்த பெயரைப் பார்க்கவில்லை. எப்போதும் பார்க்க மாட்டார், போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடித்தான் பேசுவார். பேசி முடித்து விரலை எடுத்ததும் அது பறந்து போய் உட்கார்ந்தது. அப்போதுதான் அந்த வட்டப் படம் தெரிந்தது. கறுப்புக் கண்ணாடி போட்ட தெய்வசிகாமணி, பக்கத்தில் சம்பந்தியம்மா, பின்னால் மாப்பிள்ளை, ஓரத்தில் பாதி முகமாகக் கோகிலா. பதறிப்போய் அதையே அமுக்கிப் பிடிக்க, பெட்டி திறந்து கேட்டது. கோகிலாதான் போனைத் தமிழுக்கு மாற்றிக் கொடுத்திருந்தாள், எல்லாம் தெளிவாகத்தான் எழுதியிருந்தது. எல்லோரிடமிருந்தும் நீக்கு. எனக்கு மட்டும் நீக்கு. எல்லோரிடமிருந்தும் நீக்குவதற்கு நாம் யார்? அவர்கள் போனுக்குள் கையை விட்டு எடுக்க நமக்கு என்ன உரிமை? அதை அமுக்கப்போய் அவர்களிடம் இருக்கிற கல்யாணப் படம், ஸ்கேன் படம் எல்லாம் சேர்ந்து போய்விட்டால்? தப்பு என்னுடையது. என்னுடையதை நான் எடுத்துக்கொள்கிறேன். எனக்கு மட்டும். அமுக்கினார், அது மறைந்தது, இடம் சுத்தமாக இருந்தது, ரோஜாவும் புறாவும் மட்டும். கறை போனது மாதிரிதான் தெரிந்தது. கறை போகவில்லை, கண்தான் போயிருக்கிறது. அந்த வீட்டில் இருக்கிற எல்லோரும் அதைக் கேட்கலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம். உலகத்தில் அதைக் கேட்க முடியாத ஒரே ஆள், பேசின ஆள்.

மார்பில் உறுமியது. ஒரு தடவை. துணிக்குள் கை தானாக எழுந்து, துணியில் முட்டி, பிறகு அடங்கியது.

"ஆடாதீங்ணா, கத்தி" என்றான் லோகு.

என்ன பேசினோம். நிதானமாக நினைத்துப் பார்த்தால் வந்துவிடும். 'மாப்ள, இன்னைக்கும் அந்த மனுசன் கக்கூஸ்ல உக்காந்துக்கிட்டேதான் போன் பண்ணுனாரு.' அது உண்மை. அதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. தினமும் காலையில், அர்த்தநாரி பல் விளக்கி முடித்து வாயில் காப்பியை வைக்கிற நேரத்தில், தெய்வசிகாமணி கூப்பிடுவார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வரும். நடுவில் ஒரு முக்கல் வரும். பேச்சு நிற்கும், குழாய் திறக்கும், வாளியில் தண்ணீர் விழும், மறுபடி அதே உற்சாகத்தோடு, அப்புறம் சொல்லுங்க சம்பந்தி, மழை கிழை உண்டுங்களா அங்க, என்பார். காப்பி வாயிலேயே நிற்கும், விழுங்கவும் முடியாது துப்பவும் முடியாது. ஒரு ஆள் இன்னொரு ஆளுக்கு எவ்வளவு பக்கத்தில் வரலாம் என்று ஒரு கணக்கு இருந்தது. வாசலில் நிற்கலாம், கூடத்தில் உட்காரலாம், சாப்பிடும்போது எதிரே இருக்கலாம். அதற்கு மேல் சுவர். இப்போது சுவரே இல்லை. அந்த மனிதர் அவருடைய கக்கூஸை எடுத்துவந்து என் காதுக்குள் வைக்கிறார், நான் சொல்லுங்க சம்பந்தி, சொல்லுங்க சம்பந்தி என்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் முகம் பார்த்துப் பேச வேண்டுமாம். போனைச் சொம்பில் சாய்த்து வைத்துவிட்டுக் கறிச்சோற்றைப் பிசைவார். நல்லி எலும்பை உறிஞ்சுகிற சத்தம் இங்கே வீடு முழுக்கக் கேட்கும். வாய் திறந்து மூடும், உள்ளே அரைபடுவது தெரியும், நாக்கு ஒரு துண்டைப் புரட்டுவது தெரியும். 'பேசறப்ப சோத்துப் பருக்கை தெறிக்குது மாப்ள, நான் இங்க இருந்துக்கிட்டு மூஞ்சியத் துடைக்கறேன்.' இதையும் சொன்னோம். இதைச் சொன்னபோது சிரித்தோம். அது போகட்டும், அவர் அனுப்புகிறவை! யாருக்கோ வயிற்றை அறுத்துக் கட்டி எடுக்கிற படம், லாரிக்கு அடியில் கிடந்தவன் படம், கீழே எலுமிச்சம்பழச் சாறு குடித்தால் எல்லாம் சரியாகும் என்று ஒரு சேதி, அதற்கும் கீழே கும்பிடுகிற கைகள். அதற்கு நாம் பதிலுக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். போடாவிட்டால், என்னங்க சம்பந்தி உடம்பு கிடம்பு சரியில்லீங்களா என்று அடுத்த நாள் கக்கூஸிலிருந்து கேள்வி வரும். போட்டிருக்கிறேன். லாரிக்கு அடியில் கிடந்தவனுக்கு நான் கும்பிடு போட்டிருக்கிறேன்.

கத்தி காதுக்குக் கீழே இறங்கியது. லோகு வழித்த நுரையைத் தன் இடது புறங்கையில் தடவிக்கொண்டான். கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளி வைத்த நுரை. அது என் நரைதான். ஆனாலும் பார்க்கச் சகிக்கவில்லை.

"பேசாம இருக்கறீங்களேங்ணா. அந்த மெசேஜை நெனச்சுக்கிட்டா? அதெல்லாம் ஆருங்ணா கேக்கப் போறாங்க. எனக்கு வர்றதுல பாதிய நான் தொறக்கறதே இல்லை."

"உனக்கு வர்றது வட்டிக்காரன் மெசேஜு. நீ எங்க தொறக்கப் போற" என்றார் ஆட்டோக்காரர்.

"உங்க வாயை முதல்ல வழிக்கோணும், இருங்க வரேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். மறுபடி உறுமியது. இந்தத் தடவை இரண்டு, அடுத்தடுத்து. சம்பந்தியம்மாவாக இருக்கும். மாப்பிள்ளையாக இருக்கும். பெங்களூரில் இருக்கிற மாப்பிள்ளையின் அக்காவாக இருக்கும், அவள் ஒன்றுக்கு மூன்றாகப் போடுவாள். லோகுவிடம் எடுக்கச் சொன்னால் எடுப்பான். அந்தக் கையால் எடுப்பான். எடுத்து எதையாவது அமுக்க, என் குரல் இந்தக் கடை முழுக்கக் கேட்டால்? இல்லை, என் போனில்தான் அது இல்லையே. எல்லோரிடமும் இருக்கிறது, என்னிடம் இல்லை. என் வாயை நானே வெளியே விட்டுவிட்டு வெறும் முகத்தோடு உட்கார்ந்திருக்கிறேன்.

எப்படி வந்தது இந்தப் பேச்சு. அர்த்தநாரி பேசுகிற ஆளே இல்லை. கம்பெனியில் பக்கத்து மேசைக்காரனுக்கே அவர் குரல் எப்படி இருக்கும் என்று தெரியாது. சூப்பர்வைசர் திட்டினாலும் துணியைத்தான் பார்ப்பார். பெண் பார்க்கப் போன இடத்தில், மாப்பிள்ளை ஊமையா என்று பூவாத்தாளின் பெரியம்மா கேட்டாளாம். எதிரில் ஒரு முகம் இருந்தால் போதும், சொல் பாதியில் திரும்பிப் போய்விடும். அந்த முகத்தில் என்ன ஓடுகிறது, நாம் சொன்னது அதில் எங்கே இடித்தது என்று பார்த்துக்கொண்டே இருப்பதில் சொல்ல வந்தது செத்துவிடும். கோகிலாவிடம்கூட, படிக்கிற காலத்தில், சாப்பிட்டயா என்பதற்கு மேல் என்ன கேட்டிருக்கிறோம். கேட்க ஆயிரம் இருந்தது. பிறகு இந்தச் சனியன் வந்தது. சின்னராசுதான் காட்டிக் கொடுத்தான், மச்சான், எழுதத் தெரியலீனா என்ன, இதை அமுத்திப் பிடிச்சுப் பேசுங்க, போயிரும் என்று. அமுக்கிப் பிடித்தார். எதிரில் முகமே இல்லை. வெறும் கறுப்புக் கண்ணாடி. முதல் நாள் நான்கு வார்த்தை. பத்து நாளில் ஒரு நிமிஷம். பிறகு மூன்று நிமிஷம், ஐந்து நிமிஷம். யாரும் குறுக்கே பேசவில்லை, யாரும் முகம் சுளிக்கவில்லை, வார்த்தை வார்த்தையாக வந்தது, கேலி வந்தது, அடுத்தவர் மாதிரி பேசிக் காட்ட வந்தது, இவ்வளவு நாளும் இது எங்கே இருந்தது என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. சின்னராசு அந்தப் பக்கத்திலிருந்து சிரிக்கிற பொம்மை நாலு அனுப்புவான். அந்த நாலு பொம்மைக்காக மறுநாள் இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொன்னார். ஆமாம், கூட்டித்தான் சொன்னார். பருக்கை தெறித்தது உண்மை, முகத்தைத் துடைத்தது கூட்டியது. வாயில் எச்சில் ஊறும் பேசும்போது. புளியங்காயைக் கடிக்கப்போகிறவன் மாதிரி ஊறும். பூவாத்தாள் ஒரு நாள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, ஆருகிட்டப் பேசறீங்க இருட்டுக்குள்ள என்றாள், திருடன் மாதிரி போனை மடியில் மறைத்தார். தெய்வசிகாமணியாவது கதவைச் சாத்திக்கொண்டு அவர் வேலையைப் பார்க்கிறார். நான் என்ன செய்துகொண்டிருந்தேன் அந்த அறையில். நானும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து கழித்துக்கொண்டுதானே இருந்தேன், தினமும், ஒரு நாள் விடாமல். தூ.

'எம்புள்ளை அந்த வீட்டுல எப்படித்தான் சோறு திங்கறாளோ.' அதுவும் சொன்னோம், ஞாபகம் வந்துவிட்டது. இதுதான் சம்பந்தியம்மாவுக்கு ஏறும். கக்கூஸைக்கூட மன்னித்துவிடுவாள், சோற்றைச் சொன்னால் விட மாட்டாள். நாளைக்கு ஒன்பது சோறும் கூடத்தில் அப்படியே இருக்கும், பிரிக்கக்கூட மாட்டார்கள். உங்க வீட்டுச் சோறு எங்களுக்கு எதுக்குங்க, எங்க வீட்டுச் சோறுதான் உங்களுக்கு ஆகாதே, கோகிலா இங்கயே இருக்கட்டும் என்பாள். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு போனைப் பார்ப்பார். கோகிலா என்ன செய்வாள். அவளுக்காக அந்தச் சின்ன அறையைத் தானே பினாயில் போட்டுக் கழுவி, வெள்ளையடிக்கச் சொல்லி, ஆள் வைத்துப் புதுக் கட்டில் இறக்கி, அது கிரீச்சிடுகிறதா என்று தானே படுத்துப் புரண்டு பார்த்தார். உட்கார்ந்து எழச் சிரமப்படுவாள் என்று கக்கூஸை மாற்றிக் கட்டினார். தொட்டிலுக்குக் கொக்கி அடித்தாயிற்று. அதில் ஒரு நாள் யாரும் இல்லாதபோது கையால் தொங்கிப் பார்த்தார், தாங்குகிறது. பேரக்குழந்தை ஒன்று வந்து அப்புச்சி என்று கூப்பிடப் போகிறது. அதனிடமாவது எதிரில் உட்கார்ந்து முகத்தைப் பார்த்துப் பேசிவிட வேண்டும் என்று இருந்தார், அது பேசத் தெரியாத முகம், அதற்குச் சுளிக்கத் தெரியாது. கோகிலா போன தடவை வந்தபோது மூன்றாம் மாசம். ஒரு வாரம் இருந்தாள். அந்த அறையில் சுவரைப் பார்த்துப் படுத்தபடி கட்டைவிரலால் போனைத் தள்ளிக்கொண்டே இருப்பாள், அவள் முகத்தில் நீலமாக வெளிச்சம் மாறிக்கொண்டே இருக்கும். கதவருகே இரண்டு மூன்று தடவை போய் நின்றார். என்ன கண்ணு பண்ணுது என்று கேட்க வேண்டும். அவள் திரும்பாமல், என்னப்பா என்றாள். ஒன்னுமில்லை என்று வந்துவிட்டார். ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு, குட் நைட் அப்பா என்று ஒரு நிலாவை அனுப்பினாள். அவர் பதிலுக்கு ஒரு கும்பிடு போட்டார். சோறு திங்கறாளோ என்றதற்குப் பிறகு ஏதோ சொன்னோம். அதற்குப் பிறகுதான் பெரிதாகச் சிரித்தது. அந்த இடம் வந்ததும் மனசு நொண்டுகிறது, ரெக்கார்டு சிக்கின மாதிரி அங்கேயே திரும்பத் திரும்ப, சோறு திங்கறாளோ, சோறு திங்கறாளோ. அதற்குப் பிறகு என்ன? அந்த வீட்டைப் பற்றி இன்னும் ஏதாவது மோசமாகவா. சம்பந்தியம்மாவின் குளியலறையைப் பற்றியா. மாப்பிள்ளையைச் சொன்னோமா. சிரித்தது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது, தொண்டையில் சளி அறுபடுகிற அளவுக்குச் சிரித்தோம்.

இப்போது உறுமல் நிற்கவில்லை. நீளமாக, விட்டு விட்டு, மார்பெலும்பையே பிடித்து ஆட்டியது. கூடவே மணியும் அடித்தது.

"போனுங்ணா."

"இருக்கட்டும் லோகு. அப்புறம் பேசிக்கறேன்."

"அட, என்னத்துக்கு, நாளைக்கு விசேசத்தை வெச்சுக்கிட்டு. இருங்க." அவன் கத்தியை வைத்துவிட்டு, கையைத் தொடையில் துடைத்து, துணிக்கு அடியில் கையை விட்டு எடுத்தேவிட்டான். "பாப்பாதாங்ணா கூப்பிடுது. என்ற கை ஈரம், காதுல வெச்சா உங்களுக்கு நுரையாயிரும், ஸ்பீக்கர்ல போட்டுர்றேன்."

"வேண்டாம்" என்று சொல்வதற்குள் போட்டுவிட்டான். பவுடர் டப்பாவின் மறுபக்கத்தில் சாய்த்தும் வைத்தான்.

"அப்பா."

"சொல்லு கண்ணு."

"எங்கிருக்கறீங்க?"

"லோகு கடையில. சவரம்… கை உள்ள இருக்குது. ஸ்பீக்கர்ல போட்டிருக்கறான்." எச்சரிக்கை மாதிரி அதைச் சொன்னார்.

"இருக்கட்டும்ப்பா. இங்கயும் ஸ்பீக்கர்லதான் போட்டாங்க." என்றாள். "டிபன் சாப்பிடறப்ப மாமா போட்டாங்க. எல்லாரும் இருந்தோம்."

ஆட்டோக்காரர் தன் போனின் சத்தத்தைக் குறைத்தது கேட்டது.

"அது சின்னராசுக்கு அனுப்புனது கண்ணு. தெரியாம…"

"தெரியுது. மாப்ளன்னுதானே ஆரம்பிக்கறீங்க."

"சம்பந்தி என்ன சொன்னாரு? கோவமா?"

"கோவமா? மாமாவா?" என்றாள். "விழுந்து விழுந்து சிரிக்கறாங்க. உங்கப்பன் வாய்க்குள்ள இத்தனையும் வெச்சுக்கிட்டா என்கிட்ட ஊமையாட்டம் இருந்தாருன்னு. அத்தை அவங்க பங்குக்கு மாமாவைத்தான் திட்டறாங்க, நான் சொன்னா கேட்டீங்களா, ஊரே சிரிக்குது பாருங்கன்னு. சோத்துக்கு மட்டும் கொஞ்சம் மூஞ்சி சுருங்குச்சு. அப்புறம் அவங்களும் சிரிச்சுட்டாங்க."

நாற்காலியில் உடம்பு இறங்கியது. இவ்வளவுதானா. தடித்த தோல். அந்தத் தோலுக்கு ஒன்றுமே ஏறாது என்பது இதுவரை அருவருப்பாக இருந்தது, இப்போது அதன் காலில் விழலாம் போல இருந்தது. நாளைக்கு வண்டி போகும். அவள் ஜன்னல் ஓரம் உட்காருவாள்.

"அப்ப நாளைக்கு நேரமே…" என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். அவளுக்குப் பின்னால் எங்கோ ஒரு ஆள் சிரித்தான். சளி கரகரக்க, எச்சிலை உள்ளே இழுத்துக்கொண்டு, அடுத்தவன் துணி அவிழ்ந்ததைப் பார்த்துவிட்டவன் சிரிக்கிற மாதிரி ஒரு சிரிப்பு. பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் யாரைக் கூட்டிவந்து உட்கார வைத்திருக்கிறார்கள். அர்த்தநாரிக்கு முதுகு கூசியது.

"ஆரு கண்ணு அது பக்கத்துல? அந்தாளைக் கொஞ்சம் தள்ளிப் போகச் சொல்லு. என்ன சிரிப்பு அது."

"அது நீங்கதாம்ப்பா" என்றாள் கோகிலா. "மாமா பெங்களூர் அண்ணிக்குப் போட்டுக் காட்டறாங்க."

லோகு கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடியைப் பார்க்காமல் நின்றான். போனை அந்தப் பக்கமாகக் கொஞ்சம் நீட்டினாளோ என்னவோ, அந்த ஆளின் குரல் தெளிந்து வந்தது. '…எப்படித்தான் சோறு திங்கறாளோ. அவளும் இப்ப அவங்களாட்டமே ஆயிட்டா மாப்ள. அவளும் போனைத் தூக்கிக்கிட்டுத்தான் கக்கூஸுக்குப் போறா. போன தடவை வந்து இருந்துட்டுப் போனா பாரு, அவ படுத்த பாயை நான் சோப்புத்தூள் போட்டு ஒரு நாள் முழுக்க ஊற வெச்சுல்ல எடுத்தேன்!' பிறகு அந்தச் சிரிப்பு. அதோடு சேர்ந்து தெய்வசிகாமணியின் சிரிப்பு. பெங்களூரின் சிரிப்பு.

செய்தாரா? செய்தார். வாளியில் முக்கி, சுவரில் விரித்துக் காயப்போட்டார். எதுக்குங்க நல்ல பாயைப் போய் என்று பூவாத்தாள் கேட்டாள். தூசி என்றார்.

"அந்தப் பாயிலதாம்ப்பா வாந்தி எடுத்துட்டுக் கெடந்தேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை, எதையோ விசாரிக்கிற மாதிரி இருந்தது. "எந்திரிக்க முடியல. உங்களுக்குச் சிரமமாத்தான் இருந்திருக்கும்."

"கண்ணு, அது சும்மா, ஒரு பேச்சுக்கு…"

"சும்மாதான் சொன்னீங்க. தெரியுது. நான் உங்க சிரிப்பைக் கேட்டதே இல்லப்பா. வீட்டுல ஒரு நாளும் நீங்க இப்படிச் சிரிச்சதில்லை. முதல்ல எனக்கே ஆருன்னு தெரியல." மூச்சு வாங்கினாள், இப்போதெல்லாம் நாலு வார்த்தைக்கு ஒரு தடவை வாங்குகிறது. "சோறு கொண்டுட்டு வாங்கப்பா நாளைக்கு. எல்லாரும் வாங்க. வளையலைப் போட்டு, சாப்பிட்டுட்டுப் போங்க. நான் இங்கயே இருந்துக்கறேன். அத்தைகிட்டச் சொல்லிட்டேன்."

"அறையெல்லாம் வெள்ளையடிச்சு…"

"அதுனாலதாம்ப்பா. கொழந்தைன்னா சளி, மூத்திரம், பால் கக்கறது எல்லாம் இருக்கும். நானும் ஒரு மாசம் நாத்தமாத்தான் கெடப்பேன். உங்களுக்கு ஒத்து வராதுப்பா."

"சம்பந்தி, நேரமே வந்துருங்க! இலையெல்லாம் சொல்லியாச்சு!" என்று தூரத்திலிருந்து தெய்வசிகாமணி கத்தினார்.

"வெச்சர்றேன்ப்பா."

கடையில் எந்தப் போனும் சத்தம் போடவில்லை. ஆட்டோக்காரர் காலைக் கீழே இறக்கிவைத்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். லோகு, கேட்காதவன் மாதிரி, பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்து, காய்ந்துபோன மறு கன்னத்தில் மறுபடியும் நுரை போட ஆரம்பித்தான். உதட்டோரம் வரை போட்டான்.

"ஒத்து வரும் கண்ணு" என்றார் அர்த்தநாரி. நேராகப் போனைப் பார்த்து, அதில் முகம் இருப்பது போலவே சொன்னார். அது இருட்டாகி வெகுநேரம் ஆகியிருந்தது. திறந்த வாய்க்குள் நுரை போயிற்று. கசந்தது. அவர் அதைத் துப்பவில்லை.